மூடுபனி ஊரில் பலகைத் தரைக்கு நிறம் தேர்ந்தெடுத்த அனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹப்புத்தளையில், எங்கள் தாத்தா காலத்தில் கடையும் வீடும் ஒன்றாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் கீழ்த்தளம் சீமெந்து, மேல்தளம் பலாப் பலகை. மூன்று தலைமுறையாகச் சிவப்பு மெழுகுப் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கப்பட்டு வந்த அந்த மேல்தளத்தை, அடிமரம் தெரியும் வரை தேய்த்தெடுத்து, புதிதாக ஸ்டெயினும் (மரத்துக்குள் ஊறி நிறம் தரும் பூச்சு) அதன் மேல் மேல்பூச்சும் கொடுக்கும் வேலையை அண்மையில் செய்து முடித்தோம். அந்த வேலையின் எல்லாக் கட்டங்களிலும் உடலுழைப்பு இருந்தது. ஆனால் உழைப்பால் மட்டும் தீராத கேள்வி ஒன்று இருந்தது என்றால், அது எந்த நிறம் என்பதுதான். தேய்த்தது போதாவிட்டால் மீண்டும் தேய்க்கலாம். மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் இன்னொரு தடவை பூசலாம். நிறம் மரத்தின் நாருக்குள் இறங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால், அந்த ஆழத்துக்கு மரத்தையே சீவியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஓக், மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்களையும், குளிர்காலத்தில் சூடேற்றி உலர வைத்த வீடுகளையும் மனதில் கொண்டு எழுதப்பட்டவை. நம் மரங்கள் வேறு. கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேலே, மதியம் தாண்டினால் மூடுபனி ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கும் ஊரின் வெளிச்சமும் வேறு. ஆகவே மலையகத்தில் பலகைத் தரை உள்ள வீட்டுக்காரர்களுக்கும், பழைய பங்களாக்களைப் பராமரிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கவனித்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவது அல்ல. காலுக்கடியில் இருப்பது என்ன மரம் என்று அறிந்துகொள்வது. பழைய மெழுகும் அழுக்கும் ஏறிய பலகை எல்லாமே ஒரே கரும்பழுப்பாகத் தெரியும். அலுமாரிக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு கையகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தால் மரம் தன்னைக் காட்டிவிடும். பலாவானால் மஞ்சள் பளிச்சென்று வரும். அந்த மஞ்சள் சாதாரணமானதல்ல, அதிலுள்ள மோரின் என்ற சாயப்பொருளுக்காகவே பலாவின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, சீவிக் கொதிக்க வைத்துப் பிக்குமாரின் காவித் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. தேக்கு பொன்பழுப்பாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருக்கும். முதிரை இளம் பொன்னிறத்தில், சாய்ந்து பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மினுமினுக்கும். மலையகத்தில் பின்னாளில் போடப்பட்ட தரைகளில் யூக்கலிப்டஸ் பலகையும் உண்டு. அது இளஞ்சிவப்பிலிருந்து செம்பழுப்பு வரை போகும். தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியாவின் பலகையும் சில இடங்களில் உண்டு. ஆனால் அது மென்மையானது, கதிரைக் கால்களுக்குத் தாங்காது.

எங்கள் தளத்தில் இரண்டு மரங்கள் இருந்தன. முன்னறையும் நடைபாதையும் பலா. கூரை ஒழுகிப் பலகை உளுத்த பின்னறையில், அப்பா காலத்தில் யூக்கலிப்டஸ் பலகை மாற்றியிருந்தார்கள். இந்த இரண்டு மரங்களும் ஒரே டின்னிலுள்ள ஸ்டெயினை இரண்டு நிறமாகக் காட்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டது, பின்னால் நாங்கள் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாக அமைந்தது.

பலாப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பலா மரத்தை அனுமதிப்பத்திரம் இன்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. பழைய வீடுகளில் உள்ளதைப் போன்ற அகலமான, வைரம் பாய்ந்த பலாப் பலகையை இன்று புதிதாகப் பெறுவது எளிதல்ல. ஒவ்வொரு முறை மெஷின் வைத்துத் தேய்க்கும்போதும் அந்தப் பலகையின் கனம் கொஞ்சம் குறைகிறது. நிறம் பிடிக்காமல் மறுபடி தேய்க்க நேர்ந்தால் இழப்பது பணமும் நேரமும் மட்டுமல்ல, திரும்பக் கிடைக்காத மரத்தையும்தான். நிறத்தேர்வில் அவசரம் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

பழைய மெழுகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிப்பதற்கு அதுவே பெரிய காரணம். மெழுகு இருக்கும் இடத்தில் ஸ்டெயின் இறங்காது. மெஷினை நேரடியாக வைத்தால் சூட்டில் மெழுகு இளகிச் சாண்ட் பேப்பரை அடைத்துவிடும். மரத்தின் துளைகளுக்குள்ளும் இன்னும் ஆழமாக இறங்கும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து, துணியில் சிவப்பு ஏறுவது நின்ற பிறகே தேய்க்கத் தொடங்கினோம். ஓரங்களில் பழைய பெயின்ட் பூச்சு இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம் கூடாது.

தேய்க்கும் தாளின் நயமும் நிறத்தை மாற்றும். இலக்கம் கூடக் கூடத் தாள் நயமாகும். 40 இலக்கத் தாளில் தொடங்கி, 60, 80, 100 என்று ஒன்றையும் தாண்டிக் குதிக்காமல் போனோம். கரடான தாளோடு நிறுத்திய மரம் ஸ்டெயினை அதிகம் குடித்துக் கறுக்கும்; மிக நயமாகத் தேய்த்த மரம் குறைவாகக் குடித்து வெளிறும். இதில் பலர் கவனிக்காத இடம் சுவர் ஓரம். நடுவில் பெரிய மெஷினால் 100 வரை தேய்த்துவிட்டு, ஓரத்தைக் கையால் 60இல் விட்டுவிட்டால், அறையைச் சுற்றிப் படச்சட்டம் போட்டது போல ஒரு கறுப்புக் கரை விழும். நடுவிலும் ஓரத்திலும் கடைசித் தாள் ஒரே இலக்கமாக இருக்க வேண்டும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று விதமான விருப்பம் இருந்தது. பழைய சிவப்புப் பொலிஷ் தரையிலேயே நடந்து பழகிய அம்மாவுக்கு மஹோகனிச் சிவப்பு வேண்டும். என் மனைவிக்கு இப்போது படங்களில் அதிகம் தெரியும் சாம்பல் நிறத்தில் ஆசை. எனக்குக் கரும் வால்நட்டில் ஒரு மனம் இருந்தது. வேலைக்கு வந்த தச்சு பாஸ் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. வயதானவர், பங்களா வேலைகளில் கைதேர்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, டின் மூடியில இருக்கிற நிறத்தப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. பலகை என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு எடுங்க,” என்றார். அதன்படி எல்லா நிறத்திலும் மிகச் சிறிய டின்களை வாங்கி வந்து, தரையிலேயே மாதிரிப் பட்டைகள் பூசிப் பார்த்தோம்.

மாதிரியைத் துண்டுப் பலகையில் பூசிப் பார்ப்பதும் தரையிலேயே பூசிப் பார்ப்பதும் ஒன்றல்ல. கடையிலிருந்து வாங்கிய புதுப் பலகை இளமரமாக இருக்கலாம். உங்கள் தரையோ பல பத்தாண்டுகள் காற்றும் வெளிச்சமும் பட்டு முற்றியது. மாதிரி பூசும் இடம் கடைசித் தாள் வரை தேய்க்கப்பட்டிருக்க வேண்டும், பட்டை குறைந்தது இரண்டு மூன்று பலகைகளுக்குக் குறுக்கே போக வேண்டும், அதன் பாதிக்காவது மேல்பூச்சும் கொடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவு மாதிரி ஏமாற்றும். நாங்கள் ஒவ்வொரு நிறத்தையும் ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி பூசினோம், சில பட்டைகளை ஜன்னலடியிலும் சிலவற்றை நடைபாதையின் இருட்டிலும். மாதிரிகளுக்கு இடையில் வெறும் மரமாக ஓர் இடைவெளி விட்டது நல்லதாயிற்று. இரண்டு நிறம் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றொன்றின் சாயலை மாற்றிக் காட்டும்.

அந்த மாதிரிகள் சொன்னவை ஒவ்வொன்றும் விளக்கத் தக்கவை. சாம்பல் நிறம், ஓக் மரத்தில் அழகாகத் தெரிந்திருக்கலாம். பலாவின் மஞ்சளோடு சேர்ந்தபோது பாசி படிந்தது போன்ற பச்சைச் சாயல் வந்தது. இது அந்த டின்னின் குறை அல்ல. மஞ்சளின் மேல் நீலம் கலந்த சாம்பலைப் பூசினால் பச்சைதான் வரும். ஸ்டெயின் பெயின்ட்டைப் போல அடிநிறத்தை மூடாது, அதோடு கலந்தே கண்ணுக்குத் தெரியும். மஹோகனிச் சிவப்பு அதே மஞ்சளோடு கூடிச் செம்மஞ்சளாக, ஏறக்குறைய பூசணிக்காய்ச் சதை நிறமாக வந்தது. அம்மாவே அதைப் பார்த்துவிட்டு, பழைய சிவப்பு இதுவல்ல என்று சொல்லிவிட்டார். எபனிக் கறுப்பு, மரத்தின் ரேகை முழுவதையும் விழுங்கியது. பலாவும் யூக்கலிப்டஸும் ஒன்றாகத் தெரிந்தன என்பது அதற்கு இருந்த ஒரே நன்மை. வால்நட் பழுப்பில் ஊதாச் சாயல் சிறிது கலந்திருப்பதால் அது மஞ்சளைத் தணித்தது. மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா என்பதை ஓவியம் பயின்றவர்கள் அறிவார்கள். தேக்கு என்று பெயரிட்ட டின் பலாவின் நிறத்தை ஒட்டியே போய், மஞ்சளைப் பொன்பழுப்பாக்கியது. ஸ்டெயின் எதுவுமின்றி மேல்பூச்சு மட்டும் கொடுத்த பட்டை, தேன் நிறத்தில் தனியழகோடு இருந்தது. இந்தக் கடைசிப் பட்டையை எல்லோரும் கட்டாயம் பூசிப் பார்க்க வேண்டும் என்பேன். தேக்கோ முதிரையோ தரையாக உள்ள வீட்டில் ஸ்டெயின் தேவையா என்ற கேள்வியையே அது எழுப்பும்; முதிரைக்குத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

மாதிரிகளைப் பூசிய அன்றே முடிவெடுக்காமல், அவற்றின் மீதே நடந்து, காலை, மதியம், இரவு என்று பார்த்து வந்தோம். மலையகத்தின் வெளிச்சம் தன் குணத்தைக் காட்டியது அப்போதுதான். எங்கள் முன்னறை தெற்கே, தாழ்நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் வெயில் நேராக உள்ளே விழும்போது எல்லா நிறமுமே நன்றாக இருந்தன. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து ஜன்னலை மூடியதும் வெளிச்சம் நீலம் கலந்த சாம்பலாக மாறிவிட்டது. அந்த வெளிச்சத்தில் சாம்பல் ஸ்டெயின் ஈரச் சீமெந்தைப் போலத் தெரிந்தது. கரும் வால்நட் கறுப்பாகிவிட்டது. தேக்கு நிறமும் வெறும் மரமும் மட்டுமே தம் சூட்டை இழக்காமல் இருந்தன. அம்மா கதிரையிலிருந்தபடியே பார்த்துவிட்டு, “வெளியிலதான் பனி மூடிக்கிட்டு கெடக்கு. வீட்டுக்குள்ளயும் இருட்டு வேணாம்பா,” என்றார். கரும் வால்நட் மீது எனக்கிருந்த ஆசை அத்தோடு அடங்கியது.

இரவு வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் அளவிலான வெள்ளை எல்ஈடி மின்குமிழ்களே எரிகின்றன. அவை நீலச் சாயல் கொண்டவை. சிவப்பையும் பழுப்பையும் வெளிறச் செய்யும். 2700 அல்லது 3000 கெல்வின் என்று அட்டைப்பெட்டியில் குறித்திருக்கும் மஞ்சள் வெளிச்சக் குமிழில் அதே தரை வேறொரு தரையாகத் தெரிந்தது. எந்த விளக்கோடு வாழப் போகிறீர்களோ அந்த விளக்கின் கீழ் மாதிரியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் தரைக்காகவே முன்னறையின் குமிழ்களை மாற்றினோம். நிறத்தேர்வு அதனால் எளிதாயிற்று.

இதே காலத்தில் ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள அடிசம் மாளிகையையும் போய்ப் பார்த்தோம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்த மாளிகை இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அதன் மரவேலைகளுக்குப் பர்மாத் தேக்கு கொண்டுவரப்பட்டது. பல பத்தாண்டுகள் இதே பனிக்குள் இருந்து முற்றிய மரம் எந்த நிறத்துக்கு வந்து நிற்கிறது, கல் ஜன்னல்களின் வழியே வரும் மங்கிய வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று அங்கே நேரில் காணலாம். ஆயிரம் படங்களைப் பார்ப்பதை விட, உங்கள் ஊரின் உயரத்திலும் வெளிச்சத்திலும் உள்ள ஒரு பழைய மரவேலையைப் பார்ப்பது மேலானது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலும் பழைய ஹோட்டல்கள், தேவாலயங்கள், பங்களாக்கள் என்று இப்படிப் பார்க்கத் தக்க கட்டடங்கள் இல்லாமலில்லை.

வெளிச்சத்துக்கு அடுத்தது மண். மலையக மண் செம்பழுப்பு. இஸ்தோப்பில் சப்பாத்தைக் கழற்றினாலும், மழை நாளில் காலோடு கொஞ்சம் மண் ஏறத்தான் செய்யும். காற்று மாதங்களில் தூசியாக ஜன்னல் வழியே வரும். எபனி மாதிரியின் மேல் அந்தத் தூசி வெள்ளையாகப் படிந்து ஒவ்வொரு காலடியையும் காட்டியது. மிக வெளிறிய மாதிரியில் ஈரக்கால் தடம் சிவப்பாகத் தெரிந்தது. இடைப்பட்ட பொன்பழுப்பில் இரண்டுமே அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. வாசலில் இருக்கும் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துவந்து மாதிரிகளின் மேல் தூவிப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நாங்கள் அதைச் செய்தோம். செய்ததால்தான் சந்தேகம் தெளிந்தது.

கீறலும் இப்படித்தான். ஸ்டெயின் மரத்துக்குள் மிகச் சிறிய ஆழத்துக்கே இறங்குகிறது. கதிரைக் கால் இழுபட்டு ஒரு கீறல் விழுந்தால் அடிமரத்தின் நிறம் வெளியே வரும். கறுப்புத் தரையில் அது மஞ்சள் கோடு. பொன்பழுப்புத் தரையில் அது ஏறக்குறைய தரையின் நிறமே. மரத்தின் இயல்பு நிறத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகிறோமோ, அவ்வளவுக்குப் பராமரிப்பு கூடும்.

இத்தோடு பருவத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பலகை ஈரத்தில் அகன்று, வறட்சியில் சுருங்கும். மழைக்காலத்தில் இடைவெளி மூடி இறுகியிருக்கும் தரைக்குக் கடும் நிறம் பூசினால், வறண்ட காற்று வீசும் மாதங்களில் பலகைகள் சுருங்கி, ஸ்டெயின் படாத விளிம்புகள் வெளிறிய கோடுகளாகத் தெரிய வரும். வறண்ட காலத்தில், இடைவெளி திறந்திருக்கும்போது பூசினால் விளிம்புகளும் நிறம் பெறும். ஊவாப் பக்கத்தில் தேயிலையின் தரம் உச்சத்துக்கு வரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலமே தரை வேலைக்கும் ஏற்றது. ஒக்டோபர் தொடங்கினால் மழை. ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புளைப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை அந்த நடு மாதங்களை எடுத்துக்கொள்வதால், அங்கு ஜனவரி முதல் மார்ச் வரை செய்வது நல்லது. தேயிலைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இந்த நாட்காட்டியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்கு இருந்த சிக்கல் காற்றுதான். ஹப்புத்தளைக் காற்று தூசியைத் தூக்கி வந்து ஈரப்பூச்சில் ஒட்டவைக்கும். ஆகவே காற்று வரும் பக்கத்து ஜன்னல்களை மூடி, எதிர்ப்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தோம்.

பலா மரம் வெயில் பட்டு நாளடைவில் கறுக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தோம். தேய்த்தவுடன் தெரியும் மஞ்சள் நிலையானதல்ல. மாதங்கள் செல்லச் செல்ல அது பொன்பழுப்பாகி, பிறகு செம்பழுப்பை நோக்கிப் போகும். ஸ்டெயினுக்கு அடியிலும் இந்த மாற்றம் தொடரும். எனவே மனதில் நினைத்த நிறத்தை விட ஒரு படி இளமையான நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது, தேக்கு நிறம் மூன்று பங்கும் வால்நட் ஒரு பங்கும் கலந்த கலவை. தேக்கு வெளிச்சத்தைக் காத்தது. வால்நட் மஞ்சளின் பளிச்சிடலைத் தணித்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை ஸ்டெயினாக இருந்தால்தான் கலக்க வேண்டும். எண்ணெய் அடிப்படையிலானதையும் நீர் அடிப்படையிலானதையும் கலக்க முடியாது.

பின்னறையின் யூக்கலிப்டஸ் பலகைகளுக்கு இதே கலவை பொருந்தவில்லை. இயல்பிலேயே சிவப்புள்ள மரம் ஆதலால் வால்நட் கூடியபோது மங்கிய செங்கல் நிறம் வந்தது. அங்கே தேக்கு நிறத்தை மட்டும் பூசினோம். இரண்டு அறைகளும் ஒன்றே போல இல்லை. ஆனால் ஒரே குடும்பத்து நிறங்களாக இருக்கின்றன. இரண்டு வேறு மரங்களை முழுக்க ஒன்றாக்க முயல்வது வீண் என்று நினைக்கிறேன். கதவு நிலையில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, நிறம் மாறும் இடத்தை அதற்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. யூக்கலிப்டஸில் இன்னொரு விடயமும் உண்டு. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்பாணியும் ஈரமும் சேர்ந்த இடங்களில் ஆணியைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. தேய்த்தாலும் போகாத அந்தக் கறையை ஒக்சாலிக் அமிலக் கரைசல் இளக்கியது. அது நச்சுப்பொருள், கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், பூசிய பிறகு நன்றாகக் கழுவித் துடைத்து, முழுதும் உலரவிட்ட பிறகே ஸ்டெயின். தேய்க்கும் வேலையில் இரும்புக் கம்பிப் பஞ்சு பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: அதன் துகள் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு துகளும் பின்னர் ஒரு கரும்புள்ளி ஆகும்.

தேக்குத் தரை உள்ளவர்களுக்கு: மரத்தின் இயற்கை எண்ணெய் ஸ்டெயினையும் மேல்பூச்சையும் உலரவிடாமல் தாமதிக்கும். பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பூசுவது உதவும்.

பூசும் முறையும் நிறத்தின் ஒரு பகுதியே. தேவைப்படும் ஸ்டெயின் முழுவதையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டோம். டின்னுக்கு டின் சாயல் சிறிது மாறுவதுண்டு. ஒரு லீட்டர் பொதுவாக 100 முதல் 150 சதுர அடி வரை வரும், ஆனால் வறண்ட பழைய பலகை அதைவிட அதிகம் குடிக்கும். நிறப்பொடி அடியில் தங்கிவிடும் என்பதால் இடையிடையே கிளற வேண்டும். பாஸ் பூச, நான் பின்னாலேயே துணியால் துடைத்து வந்தேன். தூரச் சுவரில் தொடங்கி, கதவை நோக்கி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பலகைகளை முழு நீளத்துக்கும் முடித்தோம். பலகையின் நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கருங்கோடு நிலைத்துவிடும். மேலே தேங்கிய ஸ்டெயினைத் துடைக்காமல் விட்டால் நிறம் ஆழமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மரத்துக்குள் போகாமல் மேலேயே பிசுபிசுத்து நின்று, மேல்பூச்சை உரியச் செய்யும்.

உலர்வதற்கு டின்னில் எழுதியிருக்கும் நேரம் பனியூருக்குப் பொருந்தாது. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்கும்போது துணியில் நிறம் ஏறாமலும், மணம் அடங்கியும் இருந்தால்தான் அடுத்த வேலை. ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. எண்ணெய் அடிப்படையிலான ஸ்டெயின் உலரும்போது வெப்பம் வெளியாகும். குவிந்து கிடக்கும் துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். மரத்தளமும் மரக்கூரையும் உள்ள வீட்டில் இதை விடப் பெரிய ஆபத்து இந்த வேலையில் இல்லை. எங்கள் துணிகளை வெளியே கம்பியில் தனித்தனியாக விரித்து, விறைத்துக் காய்ந்த பிறகே அப்புறப்படுத்தினோம். தண்ணீர் நிரப்பிய தகர வாளியில் மூழ்கவைத்து மூடி வைப்பதும் பாதுகாப்பானது.

மேல்பூச்சு நிறத்தை மீண்டும் ஒருமுறை மாற்றும். எண்ணெய் அடிப்படையிலான பொலியூரிதீன் தானே இளமஞ்சளானது, காலப்போக்கில் மேலும் மஞ்சளாகும். நீர் அடிப்படையிலானது நிறமற்றது, மரத்தின் நிறத்தை உள்ளபடியே விடும். பலாவில் ஏற்கனவே மஞ்சள் போதுமென்பதால் நீர் அடிப்படையிலானதைத் தேர்ந்தெடுத்தோம். அதனாலேயே அடியிலுள்ள எண்ணெய் ஸ்டெயின் முழுதும் காய்வதற்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி போன்ற மினுக்கத்தை விட்டு, அரை மினுக்கத்தை எடுத்தோம். மினுக்கம் கூடினால் ஜன்னலின் வெள்ளைப் பனி அப்படியே தரையில் பிரதிபலித்து, தேர்ந்தெடுத்த நிறத்தையே மறைத்துவிடுகிறது.

முதல் சில மாதங்கள் தரையில் பாயோ கம்பளமோ விரிக்காமல் விட்டிருக்கிறோம். மூடிய இடம் இளமஞ்சளாகவே நின்று, மற்ற இடம் கறுத்து, பாயின் அச்சு தரையில் விழும் என்பதுதான் காரணம். கனமான அலுமாரியை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அது இனி அந்த இடத்திலேயே இருக்கும். மீதமான கலவையைச் சிறிய டின்னில் காற்றுப் புகாமல் மூடி, எந்த நிறம் எத்தனை பங்கு, கடைசியாகத் தேய்த்த தாள் எந்த இலக்கம், மேல்பூச்சு எந்த வகை என்பவற்றை மூடியில் எழுதி, படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறோம். ஜன்னலடியில் மழைச்சாரல் படும் பலகைகளுக்கு அது முதலில் தேவைப்படும்.